ஏகமனதாக

— டீயெல்லாம் வேணாம் மேஸ்திரி. வந்த விஷயத்தைச் சொல்லிடறேன், அப்புறம் வேணா வெளிய தள்ளுங்க.

— தள்றது உங்க கட்சி வேலை, தோழரே! முப்பது வருஷத்துக்கு முன்னாடியே என்னை அழகாத் தள்ளினீங்களே. “நம்மாளுங்க ஆட்சி பண்ற நாட்டுல ஜனங்க பட்டினியில சாகறாங்களாமே, நிஜமா?”ன்னு ஒரு கேள்வி கேட்டேன். அவ்வளவுதான்.

— நிஜந்தான்னு இப்போ ஊருக்கே தெரியும்.

— செத்தவனுக்குத் தெரியணுமே. சரி, கட்சி தப்புப் பண்ணிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கிளம்பு.

— கட்சிக்கு ஏது கை? எழுதினது என் கை. அன்னிக்குக் கூட்டக் குறிப்பு எழுதினவ நான்தானே. “ஏகமனதாக நீக்கப்பட்டார்”னு எழுதினேன். அது பொய்.

— என்ன பொய்?

— நாப்பது பேர்ல ஒருத்தர் கை தூக்கல. செயலாளர் குனிஞ்சு, “இன்னிக்கு ஒரு கை எழும்பலன்னு எழுதினா, நாளைக்குப் பத்து கை எழும்பாது”ன்னார். நானும் எழுதித் தொலைச்சேன்.

— யாரு அது?

— உங்க தம்பி.

— அவனா? அவன் கை தூக்கலையா?

— தூக்கல மேஸ்திரி. என்னைத் திட்டுங்க.

— ஃபாக்டரி வாசல்ல அந்தத் தாளை ஒட்டியிருந்தீங்க. கூடப் பொறந்தவனும் கை தூக்கிட்டானேன்னு எனக்கு ஆத்திரம். அந்த வாரமே போலீஸ் வந்து, “சிவப்பைக் களையெடுக்கப் போறோம், பேரு குடு”ன்னான். நாப்பதையும் சொல்லி, அவன் எழுதின தாள்ல கையெழுத்தும் போட்டேன். முதல் பேரு தம்பியோடது.

— எல்லாரையும் பிடிச்சுட்டுப் போய் அடிச்சது போலீஸ்தானே.

— எனக்குச் சலுகை வேணாம், தங்கச்சி. அது உன் கைன்னா, இது என் வாய். அந்த நாப்பதுல ஒருத்தன், நம்ம ஃபாக்டரி பெயிண்டர், உள்ள போனவன் திரும்பவே இல்ல. நீங்க உலகத்தைக் காப்பாத்தினீங்க, அவங்க நாட்டைக் காப்பாத்தினாங்க. பெயிண்டரைக் காப்பாத்தத்தான் நாதியில்ல.

— தம்பி விடுதலையாகி உங்க வீட்டுக்கு வந்தாராமே. கதவைச் சாத்திட்டீங்களாம்.

— எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் திறப்பேன்? காட்டிக் குடுத்தது நான்னு தெரிஞ்சா அவன் தாங்குவானா?

— விசாரணையிலேயே உங்க கையெழுத்தைக் காட்டிட்டாங்க மேஸ்திரி.

— தெரிஞ்சுமா வந்தான்?

— இன்னிக்கும் வந்திருக்கார். முட்டிவலி, மூணு மாடி ஏற முடியல. நீங்க இறங்கி வருவீங்களான்னு கேட்டுட்டு வரச் சொல்லி, கீழே நிக்கிறார்.