கரிசலுக்கு விட்ட தண்ணீர்

டாக்டர் ஐயா, உங்கள் ஆஸ்பத்திரிக் காபி நன்றாக இருக்கிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் யோவான் அண்ணாச்சிக்கும் ஒரு டம்ளர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். அவர் கண்ணை மறுபடி அறுத்துப் பார்க்கப் போவதாகச் சொன்னீர்களாம். வேண்டாம். கண்ணில் கோளாறு இல்லை.

என் பெயர் பூவனலிங்கம். கயத்தாறில் லாரிகளுக்குப் படம் போடுகிறவன். பின்கதவில் ஓர் அருவி, இரண்டு கிளி, கொஞ்சம் தென்னை. நாற்பது வயது வரை அதுதான் பிழைப்பு. அண்ணாச்சி கோவில்பட்டி ரயில்வேயில் சரக்குக் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் சைக்கிளில் போய்க் கரிசல் காட்டை எண்ணெய்ச் சாயத்தில் வரைவார். பிரஷ்ஷைவிடச் சாயம் அப்புகிற கத்திதான் அதிகம். வெடித்த மண், ஒற்றை உடைமரம், மேலே வெந்துபோன வானம். பார்த்தால் நாக்கு வறளும். அப்படி வரையப் பழக வேண்டுமென்று மூன்று வருஷம் அவர் பின்னால் சைக்கிள் மிதித்தேன்.

"மரத்தை வரையாதலே. அதைப் பாத்ததும் உனக்கு உள்ள என்ன செய்யுதோ, அதைப் போடு" என்பார்.

எனக்குத் தாகம் எடுத்தது.

கண்ணில் புரை எடுக்க உங்களிடம் வந்தபோது வீட்டுச் சாவியை என்னிடம்தான் கொடுத்தார். தனியாள். "கரையான் ஏறாம பாத்துக்கோ பூவனம். மெட்ராஸ்ல கண்காட்சியில வைக்கக் கேட்டிருக்காவ."

ஒன்பது படங்கள். தினமும் முன்னால் உட்கார்ந்து படித்தேன். நான்காம் நாள் ஒரு வெடிப்பில் மட்டும் துளி நீலம் வைத்தேன். மண் குளிர்ந்த மாதிரி இருந்தது. பிறகு அது ஓடையாயிற்று. ஓடை என்றால் கரையில் புல் வேண்டும். புல் இருந்தால் மாடு வராமல் இருக்குமா? மூன்றாம் வாரம் ஒன்பதிலும் ஆறு ஓடியது. கிளிகளைச் சின்னதாகத்தான் வைத்தேன். அவர் கையெழுத்தைத் தொடவில்லை. அடுத்தவர் உழைப்பில் பேர் வாங்குகிற ஆள் இல்லை நான்.

அண்ணாச்சி தடிக் கண்ணாடியோடு வந்து படங்களின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"பூவனம், இதுல தண்ணி தெரியுதா உனக்கு?"

நாற்பது நாளைக்கு அவர் கண் கலங்கக்கூடாது என்று எச்சரித்தது நீங்கள்தான்.

"இல்லையே அண்ணாச்சி. கரிசல்தான் கெடக்கு."

"கிளி?"

"கிளி ஏது இங்கன?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்றோடு வரைவதை விட்டார். மெட்ராஸுக்கு வரவில்லையென்று கார்டு எழுதினார். அதைத் தபாலில் சேர்த்தவன் நான்தான். சாயப்பெட்டியையும் என்னிடமே கொடுத்தார். வேண்டாமென்றால் சங்கடப்படுவாரே என்று வாங்கிக்கொண்டேன்.

கண்ணை வெட்டுகிற அளவுக்குப் போனபிறகு சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. அதனால் சொல்கிறேன். படங்களை மாற்றியவன் நான். பொய் சொன்னவனும் நான். கண் நன்றாக இருக்கிறது என்று அவரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் உதவியாக இருக்கும். கடம்பூரில் அவர் தங்கை வீட்டில் இரண்டு படம் தொங்குகிறது. அவற்றுக்கு நான் இன்னும் தண்ணீர் விடவில்லை.