பட்டியலில் இரண்டு முறை

இரவு பதினொன்றரை. ஆகும்பே மலைப்பாதை. விளக்கில்லை, வண்டியில்லை... மழை மட்டும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவைத் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டாம், சாத்தித்தான் இருக்கிறது. இது எங்கள் அலுவலகத்துப் பிரக்யாத்தின் அக்கா கணவருக்கு நடந்தது. பெயர் வாதிராஜ்.

அவருடைய தங்கை மகள் பூர்வி, ஏழு வயது. மாடிப்படியில் உருண்டு விழுந்து கொப்பா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். மண்டைக்குள் ரத்தக் கசிவு. மலைப்பாதையில் மரம் விழுந்ததால் மங்களூருக்குக் கொண்டுபோக வழியில்லை. எந்தப் பக்கம் திறப்பது என்று மங்களூர் ஹெப்பார் டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துச் சொன்னால்தான் ஸ்கேன் படித்துப் பழக்கமில்லாத கொப்பா டாக்டர் கத்தியைத் தொடுவார். படத்தை அனுப்பியாயிற்று. ஹெப்பார் பார்த்தால்... ஃபோல்டர் காலி.

ஆஸ்பத்திரிப் படங்கள் போய்ச் சேரும் சர்வரைக் கவனிப்பவர் வாதிராஜ்தான். கட்டுக்காவல் உள்ள சர்வர், வெளியிலிருந்து கைவைக்க முடியாது. மரம் விழுந்த இடத்துக்கு இந்தப் பக்கம், பழைய எஸ்டேட் கட்டடத்தில், அது இருக்கும் அறைக்கே போனால்தான் உண்டு. நனைந்த பைக்கை நிறுத்தியதும் ஓடினார்.

கதவைத் திறந்தவுடன் வாசனை. பாக்கு... மென்று துப்பிய பாக்கு.

அந்த அறையில் பாக்கு மென்றவர் ஒரே ஒருவர்தான். இவருக்கு முன்னால் வேலை பார்த்த சேஷப்பா. அந்த ஒரு ஃபோல்டரைப் பூட்டி வைத்தவரும் அவரே. உள்ளே போடலாம், பெயர் தெரிந்தால் எடுக்கலாம், என்னென்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்க முடியாது. ஏன் என்று கேட்டபோது, “பூட்டியே இருக்கட்டும், மாராயா” என்று சிரித்தாராம்; யாரையும் ‘மாராயா’ என்றுதான் கூப்பிடுவார், நம் ஊர் ‘அப்பனே’ மாதிரி. பிறகு இதே மலைப்பாதையில் வளைவு ஒன்றில் விழுந்து செத்தார்.

ஸ்கேன் மெஷின் படத்துக்கு என்ன பெயர் வைத்ததோ, தெரியவில்லை. ஹெப்பார் விதவிதமாக அடித்துப் பார்த்தும் எதுவும் வரவில்லை. வாதிராஜ் அந்த ஃபோல்டரைத் திறந்துவிட்டார். காலி. அதற்குப் போகும் வழியில் வேறு பூட்டும் எங்கும் இல்லை. அப்போதும் காலி.

போன் அடித்தது. தங்கை வேதா.

“அண்ணா, இன்னும் அரை மணிக்குள்ள சொல்லணுமாம். அவளுக்கு மூச்சே ஒரு மாதிரி வருது அண்ணா...”

அந்த மனுஷன் அப்போது பட்ட பாடு எதிரிக்கும் வரக்கூடாது. இந்தத் தொழிலில் யாரும் செய்யக்கூடாததைச் செய்தார். சர்வர் முழுவதையும், எல்லாப் பூட்டையும், எல்லோருக்குமாக, ஒரே வரிக் கட்டளையில் திறந்துவிட்டார்.

விசிறிகள் சட்டென்று நின்றன. ஒரு மூச்சு நேரம்... மறுபடி சுழன்றன.

பட்டியல் வந்துவிட்டது. பூர்வியின் பெயரில் படம். அதற்குக் கீழே, எழுத்துக்கு எழுத்து அதே பெயரில் இன்னொன்று. ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு இருக்கவே முடியாது.

“ரெண்டு வந்திருக்கேய்யா,” என்றார் ஹெப்பார் போனில். “ஒண்ணுல வலது பக்கம் கசிவு. இன்னொண்ணுல இடது. எது நம்ம பாப்பாவோடது?”

யார் போட்டது என்கிற இடத்தை வாதிராஜ் பார்த்தார். மேலே இருந்ததில் ஆஸ்பத்திரியின் பெயர். கீழே இருந்ததில் வெறும் எண். ஆளின் கணக்கை அழித்துவிட்டால் பெயர் போய் எண்தான் நிற்கும். அந்த எண் அவருக்குத் தெரியும். சேஷப்பாவின் கணக்கை அழித்ததே அவர்தான்.

“மேல இருக்கறது டாக்டர். வலது பக்கம்.”

அவர் சொன்னது சரி. வலது பக்கம் திறந்தார்கள், ரத்தம் அங்கேதான் இருந்தது. பிள்ளை பிழைத்தாள் என்று வேதா போனில் அழுதபோது இவரும் தரையில் உட்கார்ந்து அழுதார்.

கிளம்புமுன் அந்த இன்னொன்றை அழித்துவிடலாம் என்று பெயரை அடித்தார். ஒன்று போயிற்று. ஒன்று மிஞ்சியது.

மிஞ்சியதில்... வெறும் எண்.

விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனார். பூர்வி கண் விழித்திருந்தாள், கூரையைப் பார்த்தபடி. “பூர்வி... கண்ணு...” அசையவில்லை. மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்றாள் நர்ஸ். வேதா டீ வாங்கப் போனாள்.

அவருக்கு என்ன தோன்றியதோ. குனிந்து, காதோரம், மெதுவாக, “சேஷப்பா...” என்றார்.

பிள்ளை தலையைத் திருப்பினாள். வாயில் பாக்கு வாசனை.

“பூட்டியே வெச்சிருக்கச் சொன்னேனே, மாராயா.”