ஒரே கூரைக்குள் இரண்டு அடுப்பு

கடிகாரத்தை ஒரு கண்ணாலும் என்னை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டு இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முறுவலிக்கும் மூத்தோரே! மடியில் மழலையோடு வந்திருக்கும் தாய்மாரே! அனைவருக்கும் எங்கள் அகழாய்வுக் குழுவின் அன்பான வணக்கம்!

வெள்ளையர் காலத்தில் காடு வெட்டி மரம் அறுத்த குடியிருப்பு நம் ஊர் எல்லையில் புதைந்து கிடக்கிறது. கல்லால் கட்டிய துரை வீடு நிற்கிறது. மரத்தைச் சுமந்து தோள் தேய்ந்தவன் வீடு எங்கே? ரம்பம் இழுத்து நெஞ்சு காய்ந்தவன் வீடு எங்கே? மரவீடு மட்கிவிட்டது, தூண் நின்ற குழி மட்டும் மண்ணில் கறுப்பு வட்டமாகத் தெரிகிறது. துரை வீட்டைப் பார்க்க வருவோரின் வண்டிகளை நிறுத்த, அந்த இடத்தில்தான் அடுத்த வாரம் தளம் போடப் போகிறார்கள்!

அங்கே ஒரு வீட்டைத் தோண்டினோம். ஒரே கூரைக்குள் இரண்டு அடுப்பு! (சிரிக்கிறீர்களா தாய்மாரே? உங்களுக்குப் புரிந்துவிட்டது!) இரண்டுக்கும் நடுவே வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள், உள்ளே சாம்பல். எங்கள் குழுவில் வரைபடம் போடுகிறவர் என் வீட்டுக்காரர்.

"எலி வளைக்கெல்லாம் எதுக்கும்மா கோடு? விடு" என்றார்.

"எலி என்ன, நூல் பிடிச்சா தோண்டும்? போடுங்க!" என்றேன். வீட்டில் எடுபடாத என் பேச்சு குழிக்குள் எடுபட்டது.

சுரண்டிப் பார்த்தோம். எலி வளை என்றால் வளைந்து நெளிந்து போகும். இவை நேராக இறங்கின. தடுப்புச் சுவரின் கால்கள் நின்ற குழிகள்! யாரோ ஒருநாள் அந்தக் கால்களைப் பிடுங்கி, குழிகளில் அடுப்புச் சாம்பலைக் கொட்டி, மேலே புதிதாகக் களிமண் தரை போட்டிருக்கிறார்கள். ஓர் அடுப்பும் அந்தத் தரைக்குள் போய்விட்டது. மற்றதைப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

மாமியாரும் மருமகளுமா? அண்ணனும் தம்பியுமா? அறியோம். ஆனால் பிரிந்து உலை வைத்தவர்கள் சேர்ந்து உலை வைத்தார்கள்; அதை அறிவோம்!

"சேந்துட்டாங்கம்மா, சேந்துட்டாங்க!" என்று குழிக்குள்ளேயே கைதட்டினார் என் வீட்டுக்காரர்.

தலைவர் அவர்களே! போரில் வென்றவனுக்கெல்லாம் தூண் நடுகிறோம். கோபத்தை வென்றவர்களுக்கு நாலு முழ மண் விட்டுவைக்கக் கூடாதா? வண்டி எங்கே வேண்டுமானாலும் நிற்கும். அந்த வீடு வேறெங்கே நிற்கும்?

(தலைவர் ஏதோ சொல்கிறார். ஒலிபெருக்கியில் சொல்லுங்கள் ஐயா!)

"வண்டிய வேற பக்கம் நிறுத்திக்கலாம்மா. அந்த அடுப்ப எனக்குக் காட்டுங்க. என் தம்பியையும் கூட்டிட்டு வரேன். நாங்க பேசியே ரொம்ப வருசமாச்சு."

காட்டுகிறோம் ஐயா, கட்டாயம் காட்டுகிறோம்! இதற்கு மேல் நான் பேசினால் கெட்டுவிடும். காது கொடுத்தவர்களுக்கும் கைதட்டியவர்களுக்கும் நன்றி சொல்லி, உங்களை வணங்கி இறங்குகிறேன்!