அம்மா "தெரியாது" என்று சொன்ன காலை

ஓடுகிறோம். அம்மா முன்னால். இடுப்பில் தம்பி. அவள் சேலையைப் பிடித்தபடி நான். அப்பா பின்னால். ரப்பர் நிரைகளுக்கு நடுவே மழைக்கால்வாய். முழங்கால் அளவு தண்ணீர்.

சடக்குப் பக்கமிருந்து, தார் ரோட்டுப் பக்கமிருந்து, "டும்". எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. தலைக்கு மேல் துணி கிழிகிற சத்தம். பிறகு மண் குலுங்குகிறது.

"குப்புறப் படு! தலைய தூக்காத!" அப்பா கத்துகிறார்.

புதன்கிழமை. விடிந்து கொஞ்ச நேரம். வேலைக்கு ஆள் கூட்டும் சங்கு அன்று ஊதவில்லை. பீரங்கிதான் கேட்டது.

மலாயா. ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டம். பிரிட்டிஷாருக்கு எதிரான காட்டுப் போரின் மூன்றாம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. அப்பா கோவிந்தசாமி, ரப்பர் பால்வெட்டுக்காரர்.

எங்கள் தொழிற்சங்கத் தலைவர் தங்கையா. ஜப்பான்காரன் காலத்தில் பர்மா எல்லையில் இந்திய விடுதலைக்காகத் துப்பாக்கி தூக்கியவர். அதில் ஒரு காது போனது. கூட்டத்தில் குரலை உயர்த்த மாட்டார். "இந்த நாடு இதுல உழைக்கிறவனுக்கு" என்பார். அவ்வளவுதான் பேச்சு. சங்கத்தைத் தடை செய்தார்கள். அவர் காட்டுக்குள் போனார். என் அண்ணன் மாணிக்கமும் போனான். பத்தொன்பது வயது. அம்மாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வந்தது. வாசலில் சோதனை. பெண்களின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். காட்டுக்கு ஒரு கை அரிசி போனாலும் சிறை.

திங்கட்கிழமை மாலை தங்கையாவின் ஆட்கள் மதகடியில் ராணுவ லாரியை மறித்தார்கள். இருபது நிமிடச் சண்டை. வீட்டுக்குள் படுத்துக் கேட்டோம். இரண்டு சிப்பாய்கள் இறந்தார்கள். செவ்வாய் முழுவதும் யாரும் வரவில்லை. ஒரு லாரிச் சத்தம்கூட இல்லை. பெரியவர்கள் யாரும் சாப்பிடவில்லை.

புதன் வந்துவிட்டது.

கால்வாய் முடிகிறது. அப்பா நின்றுவிடுகிறார். சின்னப்பனும் வீராசாமியும் சங்குக்குக் காத்திராமல் இருட்டோடு தூரத்து நிரைக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். அப்பாவின் கூட்டாளிகள்.

"அவங்கள கூட்டிட்டு வரேன். நீ நிக்காத, ஓடு!"

இடுப்பில் பால் வெட்டும் கத்தியோடு திரும்பி ஓடினார். மரங்கள் மறைத்தன. துப்பாக்கிச் சத்தம். ஏழு வெடி. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு. தனித்தனியாக.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

சிப்பாய்கள் எங்களைப் பிடித்தார்கள். ஒன்பது மணிக்குப் பால் கொட்டகை முன்னால் நிறுத்தியிருந்தார்கள். வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. மூங்கில் வெடிப்பதும் துப்பாக்கி வெடிப்பதும் ஒன்றுபோலக் கேட்டது. சடக்கில் மூன்று உடல்கள். பெண்களை ஒவ்வொருவராக அழைத்துக் காட்டினார்கள். அதிகாரி இங்கிலீஷில் கேட்டார். தோட்டத்துக் கிராணி, கணக்கெழுதுபவர், தமிழில் சொன்னார்.

"இவங்கள தெரியுமான்னு கேக்குறாரு." பிறகு, தரையைப் பார்த்தபடி, உதடு அசையாமல்: "தெரியும்னு சொல்லாத தாயி. புள்ளைங்களோட இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திடுவாங்க."

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கண் திறந்திருந்தது. எறும்பு வந்திருந்தது.

"தெரியாது."

அவள் நகங்கள் என் தோளுக்குள் இறங்கின. என்னையும் கேட்டார்கள். நானும் தெரியாது என்றேன். அந்த எறும்பைத் தட்டிவிட வேண்டும் என்று கை துடித்தது. தட்டவில்லை.

லாரியில் ஏற்றினார்கள். கம்பிவேலி போட்ட புதுக் குடியேற்றம். அங்கே அம்மா தாலியைக் கழற்றவில்லை. பொட்டை அழிக்கவில்லை. வாய்விட்டு அழவில்லை. கழற்றினால் தெரிந்துவிடும். ஒன்பது ஆண்டு கழித்து, சுமங்கலியாகவே செத்தாள்.

நான் நர்ஸ் படிக்க லண்டன் வந்தேன். பெரட்டில், விடிகாலை ஆள் எண்ணும் வரிசையில், நிற்காத வேலை அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது. அறுபது ஆண்டுகளாக லூயிஷாமில் இருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூட.

இந்த மே மாதம் என் மருமகள் சுகந்தி, யாழ்ப்பாணத்துப் பெண், அந்தத் தோட்டத்தின் கோப்பு லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தாள். போனோம். வாசலில் பாஸ்போர்ட் கேட்டார்கள். பெயர் கேட்டார்கள். அப்பா பெயரோடு சேர்ந்த பெயர்.

"ஏன் மாமி, பாஸ்போர்ட்டைத் திரும்பப் பையுக்குள்ள வைக்கிறியள்?"

"பேரச் சொன்னா கப்பல் ஏத்திடுவாங்கம்மா."

"இப்ப ஆர் மாமி உங்களை ஏத்துறது? நான் பக்கத்தில நிக்கிறன். ஒருக்காச் சொல்லுங்கோ."

சொன்னேன்.

அரைப் பக்கம்தான். தட்டச்சு. மதகடியில் இறந்த சிப்பாய்களின் முழுப் பெயர் இருந்தது. வயது இருந்தது. ஒருவனுக்கு மாணிக்கத்தின் வயது. அவனுக்காகவும் கொஞ்சம் அழுதேன். கீழே, காட்டுக்குப் போனவர்களுக்கு அவர்கள் வைத்த பெயரில்: கொள்ளையர் மூவர் சண்டையில் கொல்லப்பட்டனர். கைப்பற்றிய ஆயுதம், கத்தி மூன்று. அடையாளம் காட்ட எவருமில்லை.

பால்வெட்டுக் கத்தி பட்டையைச் சீவும். அதைக் கொண்டு ஒரு கோழியைக்கூட அறுக்க முடியாது.

மேசையில் இருந்த இளைஞரிடம் கேட்டேன். ஓரத்தில் மூன்று பெயர் எழுதட்டுமா? மரியாதையாக மறுத்தார். பென்சிலால் ஒரு கோடுகூடக் கூடாது.

"வீட்ட போய் எழுதுங்கோ மாமி," என்றாள் சுகந்தி. "ஒண்டும் விடாமல் எழுதுங்கோ. நான் டைப் பண்ணித் தாறன்."

எழுதுகிறேன். நான் அடையாளம் காட்டுகிறேன்.

கோவிந்தசாமி, நாற்பத்திரண்டு வயது, என் அப்பா. சின்னப்பன், மூன்று பெண் பிள்ளைகள். வீராசாமி, கலியாணமாகி ஆறு வாரம். மூவரும் துப்பாக்கி தொட்டதில்லை. தங்கையா, ஆறு மாதம் கழித்துப் பிடிபட்டார், தூக்கிலிட்டார்கள். தம்பி பழனி, ஒன்றரை வயது, குடியேற்றத்தில் காய்ச்சலில் போனான். அண்ணன் மாணிக்கம், காட்டிலிருந்து வரவில்லை, உடலும் வரவில்லை.

எரிந்த வீடுகள் இருபத்து நான்கு.

ஆட்கள் ஆறு. மாணிக்கத்தை இதுவரை நான் செத்தவர்களோடு சேர்த்து எண்ணியதில்லை. இன்றுதான் எண்ணுகிறேன்.