அப்பாவின் கண்

எண்ணூரிலிருந்து ராயபுரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் நான்கு வயது மகள்; குழந்தையின் இடது கண்ணை மூடி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"எங்க வூட்டுக்காரரும் வூட்ல இத்தையே ஒட்டிக்கினு குந்திகினு கீறாருக்கா," என்றாள் அவள்.

"அவருக்கு இன்னாடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. பாப்பாவுக்கு மாறுகண்ணுன்னதும், மாசமா இருக்கசொல்ல நான் கிரகணத்துல வெளிய போனேன்னு அவுங்க வூட்ல என்னியே திட்டுனாங்க. டாக்டரு, அதெல்லாம் இல்ல, பரம்பரையா வரும், குடும்பத்துல யாருக்காச்சும் இருந்துச்சான்னு கேட்டாரு. இவரு எல்லார் எதிர்லயும், 'எனக்கு இருந்துச்சு சார். சின்ன வயசுல ஆபரேசன் பண்ணாங்க. இனிமே அவள யாரும் திட்டாதீங்க'ன்னாரு. எனக்கே அன்னிக்குதான் தெரியும்."

"மெய்யாலுமா? எந்த ஆம்பள இப்டி ஒத்துப்பான்?"

"நல்ல கண்ண மூடுனாதான் மத்த கண்ணுக்குப் பார்வ வருமாம். பாப்பா பிச்சிப் பிச்சிப் போட்டுது. அதான் அவரும் ஒட்டிக்கினாரு. அப்புறம் இதுவும் ஒத்துக்கிச்சு."

காசிமேடு வந்தது; கரையோரம் மீன்பிடிப் படகுகள் நின்றன. குழந்தை ஜன்னலில் முகத்தை வைத்துக் கத்தியது: "அம்மா, அந்தப் போட்டு மேல நாய் கீது!"

இரண்டு பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒரு படகில், பலகையின் நிறத்திலேயே ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது.