பாதியில் நின்ற செபமாலை

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, சங்கத் தலைவர் நல்லமுத்து அவர்களே, லயத்து வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு இங்கே வந்து நிற்கும் டயகமத் தேயிலைத் தோட்டத்துச் சொந்தங்களே! இந்த இக்னேசியஸ் கங்காணி மைக்கைப் பிடித்தால் சிரிக்கலாம் என்று வந்தவர்கள் இன்றைக்கு மன்னிக்க வேண்டும்.

நமது மறைக்கல்வி ஆசிரியர் ஜெரோமி போய்விட்டார். இளந்தாரிப் பிள்ளை, குளவி கொட்டிப் போய்விட்டார்.

யார் இந்த ஜெரோமி? கோயிலுக்குள் இருந்த செபமாலையை மலைக்குக் கொண்டுவந்தவர். சனிக்கிழமை வேலை முடிந்ததும் நம்மை வாகை மரத்தடியில் நிறுத்தி, "கண்ணை மூடாதீங்க, தொறந்துகிட்டே செபிங்க" என்றவர். ஒருநாள் பாதியில் அப்படியே நின்றுவிட்டார். செபத்தை மறந்துவிட்டார் என்று நினைத்து, நான் பின்னாலிருந்து "அருள் நிறைந்த மரியே" என்று சத்தமாக எடுத்துக் கொடுத்தேன்.

"மறக்கலங்கண்ணே. மூடுபனி வெலகுது பாருங்க. அதையும் ஒரு மணியா உருட்டுங்க."

"அதை நிறுத்தா எத்தனை கிலோ வரும் தம்பி?"

"நிறுத்துப் பாருங்க. கொழுந்து நிறுக்குற ஒங்க தராசு தாங்காது."

அதே மரத்தில்தான் குளவி கூடு கட்டியது. அதையும் முதலில் பார்த்தவர் அவர்தான். "என்னா அழகா கட்டியிருக்கு. ஆனா கிட்டப் போயிராதீங்க" என்றார். தோட்ட நிர்வாகத்தில் சொல்ல வேண்டியவர்களிடமும் சொன்னார். கூட்டை எடுக்க யாராவது வந்தார்களா? செவ்வாய்க்கிழமை அந்த மலைக்கே நம்மைக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். காற்றடித்தது, குளவி கலைந்தது, எல்லோரும் ஓடினோம். விழுந்து கிடந்த வேலாயி அக்காவுக்காகத் திரும்பி ஓடியவர் யார்? தன் கோட்டைக் கழற்றி அந்த அக்காவைப் போர்த்தியவர் யார்?

நேற்று நாங்கள் தீப்பந்தமும் கோடரியுமாக அந்த மரத்தை வெட்டக் கிளம்பினோம். வீங்கிய முகத்தோடு வேலாயி அக்கா வந்து மறித்தார்.

"மரம் என்னா பண்ணிச்சு? அந்தப் புள்ள கும்பிட்ட எடத்தையும் இல்லாம ஆக்கப் போறீங்களா?"

நான் கோடரியைக் கீழே போட்டேன். அழகு, அழகு என்று ஜெரோமி காட்டிய இடத்திலேயே அவரை வாரிக்கொடுத்தோம். ஆண்டவரே, இதை எந்த மணியில் உருட்டுவது? பங்குச்சாமி, கோபிக்காதீர்கள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

தம்பி ஜெரோமி, மரத்தை வெட்ட மாட்டோம். கூட்டை எடுக்கும்வரை ஒருவரும் அந்த மலையில் கொழுந்துக் கூடையோடு இறங்கவும் மாட்டோம். கூடு போன பிறகு வரும் சனிக்கிழமை, அதே மரத்தடியில், கண்ணைத் திறந்தபடி செபிப்போம். நான்தான் தொடங்குவேன். பாதியில் நான் நின்றுவிட்டால், சொந்தங்களே, மறந்துவிட்டான் என்று யாரும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.