மாமன்மடிப் பாறை

நம்ம கம்மாக்கரைக்கு ரோடு வராத காலம். கட்டைவண்டிய விட்டா காலுதான். அப்ப இந்த ஊர்ல ஒச்சாயின்னு ஒருத்தி இருந்தாளாம். அவளுக்கு ஒரே அண்ணன், சிவனாண்டி. அவளைத் தோள்ல தூக்கியே வளத்தவன். ஒருநா விடிஞ்சு பாத்தா ஆளைக் காணோம்.

"கண்டித் தோட்டத்துக்குப் பொழைக்கப் போயிட்டான்"னாளாம் ஆத்தாகாரி. எப்பக் கேட்டாலும் அதே பேச்சு. தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா போவான்? ஒச்சாயிக்குக் கல்யாணம் ஆச்சு, அண்ணன் வரல. புள்ளை பொறந்துச்சு, அண்ணன் வரல. கூட்டத்துக்கு நடுவுல நின்னாலும் அவ ஒத்தையிலதான் நின்னாளாம்.

புள்ளைக்குக் காது குத்த நாள் குறிச்சாச்சு. மாமன் மடியிலதான உக்கார வைக்கணும்? ஒண்ணுவிட்ட மாமன் ஒருத்தனைப் பேசி வச்சாங்க. அதுக்காக ஒச்சாயி ஆத்தா வீட்டுக்கு வந்திருந்தா. அந்த நேரம் பாத்து ஆத்தாளுக்குக் காய்ச்சல். "இந்தக் கஞ்சிக் கலயத்தைக் கம்மாவுக்கு அக்கரைப் பாறையில வச்சிட்டு, திரும்பிப் பாக்காம வந்திரு"ன்னாளாம். யாருக்குன்னு சொல்லல.

போனா. வச்சா. மனசு கேக்குமா? திரும்பிப் பாத்துட்டா. துணி சுத்துன கையால ஒருத்தன் கலயத்தை எடுக்கிறான். விரலெல்லாம் மழுங்கிப் போச்சு. ஆனா நடை மாறுமா?

"அண்ணே."

"கிட்ட வராத தாயி. எனக்குப் பெருநோய்."

"இத்தனை வருசமா இங்கயா இருந்த?"

"வெளிய தெரிஞ்சா உன்னை யாரு கட்டியிருப்பா? இப்பவும் சொல்லிராத. உன் வாழ்வு போயிரும்."

இவ இங்கிட்டு உக்காந்து அழுதாளாம், அவன் அங்கிட்டு நின்னு அழுதானாம். தொட்டுத் தேத்தக்கூட முடியல பாருங்க, அதுதான்யா கொடுமை.

காதுகுத்து அன்னைக்கு ஒண்ணுவிட்ட மாமன் மடிய விரிச்சு உக்காந்திருக்கான். ஒச்சாயி புள்ளையத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு அக்கரைக்கு நடந்தாளாம். ஊரே பின்னாடி ஓடுது. கஞ்சிக்குக் காத்துப் பாறையில உக்காந்திருந்த சிவனாண்டி, பதறி எந்திரிச்சுத் தள்ளிப் போயிட்டான். அவன் இருந்த இடத்துலயே புள்ளைய வச்சா. கல்லுல அவன் சூடு இருந்துச்சாம்.

"குத்துங்க ஆசாரி. எம்புள்ளைக்கு இதுதான் மாமன் மடி."

புருசன் வீட்டுக்காரங்க அப்பவே வண்டியப் பூட்டிட்டாங்க. புருசனும் ஏறிட்டான், பெரிய வீரன்தான் போங்க. அதுக்கப்புறம் அவளைக் கூப்பிட ஒருத்தரும் வரல. அண்ணன் கண்ண மூடுற வரைக்கும் அவதான் அந்தக் கலயத்தைச் சுமந்தாளாம்.

எங்க வம்சமே அந்தப் புள்ளை வழிதான். இன்னைக்கும் நம்ம ஊர்ல காது குத்துறது அந்தப் பாறையிலதான். மாமன்மாரு எத்தனை பேரு இருந்தாலும் சீரை வச்சிட்டுத் தள்ளித்தான் நிக்கணும், புள்ளை அழுதாலும் கிட்ட வரக்கூடாது. அன்னைக்கு அந்தப் புள்ளை வீல்னு அழுதப்ப, சிவனாண்டியால கிட்ட வர முடியலையில்ல.